வரிக்கு நான்கு டாலர்

வரிக்கு நான்கு டாலர் என்றாள்
பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
படத்துக்கு முப்பது தனி.
"என் மூஞ்சி இந்த ஊருக்குத் தெரியாதா, வீண்செலவு"
என்றிருப்பார் அப்பா.
படம் போட்டோம்.

ஆர்லோ வெஸ்ட்பி, தொண்ணூற்றிரண்டு.
கொரியாப் போரில் லாரி ஓட்டியவர்.
பிறகு முப்பத்தெட்டு வருடம்
பண்ணை பண்ணையாகப் பால் எடுத்தவர்.
காலஞ்சென்ற ஃபெர்னின் கணவர்.
இதற்கே பாதிப் பணம் போயிற்று.

அதனால் விட்டுப்போனவை:

இடது காலில் இரண்டு விரல் கிடையாது.
பனி தின்றுவிட்டது என்பார்,
எலி ரொட்டியைத் தின்றதைச் சொல்வது போல.
வடக்கு டக்கோட்டாவின் ஜனவரி விடியலில்
ஐந்து ஜோடிக் காலுறைகளை அடுப்பருகே சூடாக்கி
தூங்கும் எங்களுக்கு மாட்டிவிடுவார்.
மாட்டுமுன் இருட்டில் தடவிப் பார்ப்பார்,
ஒவ்வொருவருக்கும் பத்து விரல் இருக்கிறதா என்று.

எண்ணாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை.
தேவாலய வாசலிலும், கண்காட்சித் திடலிலும்
காற்றில் விரலை ஆட்டி
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
பிறகுதான் சாவி திரும்பும்.
டுவெய்ன் தலை நரைத்த பிறகும் எண்ணினார்.
ஒருமுறை மார்லிஸ் விளையாட்டாக
பின்சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.
அப்பா கத்தவில்லை.
இறங்கிப்போய், சாலையோரப் பள்ளத்தில் மண்டியிட்டு
வெறுங்கையால் பனியைத் தோண்ட ஆரம்பித்தார்.

அதற்குப்பின் நாங்கள் யாரும் ஒளியவில்லை.

அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துபோன வருடம்
முடிதிருத்தும் ஆர்டிஸிடம்
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
மூன்று சனிக்கிழமை பாடம் கேட்டார்.
பால் கேன் தூக்கித் தடித்த விரல்கள்
சுருள்களைச் செருகும்.
பாதி வாயால் "கோணல்" என்பாள் அம்மா.
அவிழ்ப்பார். மறுபடி சுற்றுவார்.
ஒன்பது வருடம்.
வெளியே போகிற இடம் என்று
அவளுக்கு எதுவும் இல்லாதபோதும்.

போரைப்பற்றி என்னிடம் பேசியது ஒரே நாள்,
கொட்டகையில் பாட்டரி மாற்றும்போது.
"எஞ்சினை நிறுத்தினால் உறைந்துவிடும்.
அதனால் எங்கேயும் நிறுத்தவில்லை.
ஏற்றியது பதினாலு பேர்.
இறக்கும்போது பதினொன்று."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."
எடுத்துக் கொடுத்தேன்.
வேறென்ன கொடுப்பது என்று அன்றும் தெரியவில்லை.

மருத்துவமனையில் கடைசி மாலை
போர்வைக்கு வெளியே விரல் அசைந்தது.
நான்கில் நின்றது.
மறுபடி முதலிலிருந்து. மறுபடி நான்கு.
எழ முயன்றார்; செவிலி அழுத்திப் படுக்கவைத்தாள்.
டுவெய்ன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான் என்று
காதருகே கத்தினோம். நம்பவில்லை.
பூட்ஸில் பனியோடு அவன் ஓடிவந்து நின்றதும்
"சரி" என்றார்.
"கிளம்பலாம்."

மண் பாறையாக இறுகிக் கிடக்கிறது.
ஏப்ரலில்தான் குழி வெட்ட முடியும்,
அதுவரை கல்லறைத் தோட்டத்து அறையில் இருக்கட்டும் என்றார்கள்.
இன்னும் மூன்று மாதம் குளிரிலா
என்று கேட்டது மார்லிஸ்தான்.
கம்பளிக் காலுறையைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போய்
அவளே மாட்டிவிட்டாள்.
எட்டு, என்றாள் வெளியே வந்து.
வேறெதுவும் சொல்லவில்லை.

ராணுவத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள்.
கொடியை முக்கோணமாக மடித்தார்கள்.
ஊதியவன் உண்மையில் ஊதவில்லை,
ஊதுகுழலுக்குள் சின்ன ஒலிப்பெட்டி இருந்தது.
அப்பா பார்த்திருந்தால்
அதைக் கழற்றிப் பார்க்கக் கேட்டிருப்பார்.

புதன்கிழமை காலை, மாதிரித்தாளை
அலுவலக மேசையிலேயே படித்தேன்.
பிள்ளைகள் ஐவர், சரி.
பேரப்பிள்ளைகள்மேல் விரல் தானாக ஓடியது.
ஒன்று குறைந்தது.
கெர்ரியின் மகள், பிறந்து பதினேழு நாள்,
அவளுக்குப் பெயர் வைத்ததே ஞாயிறன்றுதான்.

இன்னொரு வரி ஆகுமே, என்றாள் அந்தப் பெண்.

பர்ஸைத் திறந்தேன்.